விருந்தாளி எப்போது வாடிக்கையாளர் ஆகிறார்?

முதலில், ஆலோசனை கேட்டு எனக்கு வந்த ஒரு கடிதத்தின் சாரம். எழுதியவர் நாற்பதை நெருங்கும் பெண். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, கிராமத்தில் பூட்டிக்கிடந்த பழைய வீட்டின் இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, நகரத்திலிருந்து வந்த தெரிந்தவர்களுக்குத் தங்கக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அவர் குடும்பம், கணவரின் அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் என மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூன்று வீடுகளில் ஒன்பது அறைகளை நடத்துகின்றன. வருபவர்களை வயல் வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஊர்ப் பொதுவான ஓடைக்கும் குளத்துக்கும் அழைத்துச் செல்கிறார்கள். மாதக் கடைசியில் வருமானத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பதிவு, உரிமம், ஒப்பந்தம் எதுவும் கிடையாது. புக்கிங்கை எல்லாம் நகரத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கவனிக்கிறார், பணமும் அவர் கணக்குக்குத்தான் வருகிறது. சராசரியாக ஓர் அறை வருடத்தில் 90 இரவு நிரம்புகிறது.

சென்ற வருடம் ஓடைப் பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மருத்துவச் செலவில் பாதியை மூன்று குடும்பங்களும் பகிர்ந்து கொடுத்தன. அதற்குப் பிறகு, 'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்ற தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தபோது ஊரில் முணுமுணுப்பும் எழுந்தது. இந்த நிலையில் கணவரின் அண்ணன், "சனி ஞாயிறு வந்தால் இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறோம், கடன் வாங்கிக் குளக்கரையில் ஆறு குடில் போடலாம்" என்கிறார். கணவரோ, "நாம் விருந்தாளிகளைத் தங்கவைக்கிறோம், தொழிலா செய்கிறோம்? பதிவு செய்தால் வரிதான் மிஞ்சும்" என்கிறார்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். பதிவு செய்ய வேண்டுமா? குடில் கட்டலாமா? இது என் மகள் காலம் வரை நிற்குமா? கடிதத்தின் ஓரத்தில், பிற்பாடு சேர்த்தது போல, ஒரு வரி: "ஆறு வருடமாக விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை ஐயா. விடுமுறைதான் எங்களுக்கு சீசன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப்போவதில்லை. பதிவைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் சண்டையே நடக்கிறது, புரிகிறது. ஆனால் என்னிடம் வந்த இதுபோன்ற சிறு ஹோம்ஸ்டே விவகாரங்களில், அதிகாரி வந்து மூடியவை குறைவு. கூட்டாளிகள் பேசாமல் போனதாலும், ஒரு விபத்தாலும், ஒரு சாவாலும் மூடியவைதான் அதிகம். உங்களுக்கு முதல் தேவை அரசாங்கத்தின் தாள் இல்லை, உங்கள் மூன்று குடும்பங்களுக்குள் ஒரு தாள்.

உங்கள் கணவரின் வாதத்திலிருந்து தொடங்கலாம். 'விருந்தாளி' என்ற சொல்லில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை வீட்டு ஆள் போல நடத்துவதால்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது மனசை இல்லை, பணத்தை. ஒரு முறை உறவினர் தங்கிவிட்டுக் கையில் ஏதோ வைத்துவிட்டுப் போனால் அது தொழில் இல்லை. விலை சொல்லி, விளம்பரம் போட்டு, வருடம் முழுவதும், வருமானத்தைப் பங்கு பிரித்து நடத்தினால் அது தொழில். பதிவு செய்யாததால் அது தொழில் இல்லாமல் போய்விடாது. பதிவில்லாத தொழிலாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று உங்களுக்கே வியப்பாக இருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, சட்டம் எழுதி வைத்திருக்கிறது. லாபத்துக்காகச் சேர்ந்து தொழில் செய்பவர்கள் கூட்டாளிகள் என்று இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. அதை ஒட்டி வந்த இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. எழுத்து வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களாக எதுவும் பேசி வைக்காவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு. உழைத்தது யார், வீடு கொடுத்தது யார் என்று பார்க்காது. கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும், வேறு மாதிரி பேசி வைத்திருந்தால் ஒழிய. தொழிலின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. இந்தச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் எல்லாம் ஏறக்குறைய இதுதான் நிலைமை. மூத்தவர், அதாவது உங்கள் கணவரின் அண்ணன், தொழிலின் பெயரைச் சொல்லி வாங்கும் கடன் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம். 'அவர்தானே வாங்கினார்' என்று அப்போது சொல்லிப் பயனில்லை.

கையெழுத்துத் தாள் உங்களைக் காப்பாற்றாது

'சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்ற தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாறை வழுக்கும் என்று முன்கூட்டியே சொன்னீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி. அதற்கு மேல் அதில் பலம் இல்லை. இங்கிலாந்தில் 1977-லேயே சட்டம் போட்டார்கள்: தொழில் நடத்துபவரின் கவனக்குறைவால் உயிருக்கோ உடலுக்கோ கேடு வந்தால், 'நான் பொறுப்பல்ல' என்று எழுதி வாங்கியது செல்லாது. வேறு நாடுகளிலும் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட தாள்களை ஐயத்தோடுதான் பார்க்கின்றன. நீதிபதி கேட்பது வேறு: பாறை வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் கூட்டிப்போனீர்களா? மழை பெய்த மறுநாள் போக வேண்டாம் என்று ஒரு விதி வைத்திருந்தீர்களா? கூடப் போனவர் யார்? அவருக்கு முதலுதவி தெரியுமா?

அதனால் தாளில் வரிகளைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஓடைக்குப் போகும் நாட்களைக் குறையுங்கள். தண்ணீர் எந்தக் கல் வரை ஏறினால் பயணம் ரத்து என்று ஒரு கல்லுக்கு வண்ணம் அடித்து வையுங்கள். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

அடுத்தது இன்சூரன்ஸ். வீட்டுக்கு ஏற்கெனவே பாலிசி இருந்தால் எடுத்துப் படியுங்கள். சாதாரண வீட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் காசு வாங்கித் தங்கவைப்பதை ஏற்காது. அந்த நிலையில் தீ விபத்து நடந்தால், தங்கியவரின் இழப்பு ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் வீட்டுக்கே பணம் வராமல் போகலாம். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது வந்து தங்குபவருக்கு அடிபட்டால் நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பாலிசி. அதைக் கேட்டுப் போனால் நிறுவனம் பதிவுச் சான்று கேட்கும். பதிவு செய்ய நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

சரி, பதிவுக்கு வருவோம்

வரி உங்களை விழுங்கிவிடும் என்பது உங்கள் கணவரின் பயம். ஒன்பது அறை, அதில் நான்கில் மூன்று பங்கு நாட்கள் காலி. இந்த அளவு தொழிலுக்குப் பல நாடுகளில் வரம்புக்குக் கீழே விலக்கு உண்டு, இல்லாவிட்டால் எளிய முறை உண்டு. உள்ளூர்க் கணக்காளர் அரைமணி நேரத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். பதிவின் உண்மையான செலவு வரியில் இல்லை. தீயணைப்புக் கருவி, கழிவுநீர் ஏற்பாடு, தங்குபவர் விவரப் பதிவேடு போன்றவற்றில்தான் இருக்கிறது. அவை எப்படியும் நீங்கள் செய்ய வேண்டியவை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விடுதிக்கு எழுதிய விதிகளை இரண்டு அறை வீட்டின் மேல் சுமத்தும் அரசுகள் உண்டு. அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. இத்தாலி இதை 1985-லேயே வேறு விதமாக அணுகியது. பண்ணைவீட்டுச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை எளிமையானது: விவசாயம்தான் முதன்மை, விருந்தினர் துணை வருமானம், முதலில் பயன்படுத்த வேண்டியது பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடம். 2006-ல் அதைப் புதுப்பித்தபோதும் இந்த அடிப்படையை விடவில்லை. விவசாயத்தை விட்டுவிட்டு வெறும் விடுதி நடத்துபவருக்கு அந்தப் பெயரும் கிடையாது, சலுகையும் கிடையாது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சிறுவகைப் பதிவு இருந்தால் அதிலேயே சேருங்கள். ஒரே ஊரில் மூன்று குடும்பங்கள் ஒன்றாகப் பதிவதா, தனித்தனியாகவா என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பல இடங்களில் அறை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும். சேர்ந்து பதிந்தால் ஒன்பது, தனியே பதிந்தால் மூன்று மூன்று.

குளக்கரைக் குடில்கள்

இதில் என் கருத்து நேரானது: கட்டாதீர்கள். அங்கே இல்லை, இப்போது இல்லை, கடன் வாங்கி இல்லை.

மூத்தவர் சொல்வது பொய்யில்லை. சனி ஞாயிறுகளில் ஆட்களைத் திருப்பித்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். ஒன்பது அறை, 365 இரவு என்றால் 3,285 அறை இரவுகள் விற்பனைக்கு இருக்கின்றன. நீங்கள் விற்றது 810. நூற்றுக்கு 25 கூட முழுதாக இல்லை. உங்களுக்கு அறைப் பற்றாக்குறை கிடையாது, செவ்வாய்க்கிழமைப் பற்றாக்குறைதான். ஆறு குடில் கூடுதலாக வந்தால் சீசன் உச்சத்தின் சனி ஞாயிறுகளில் நிரம்பும், தாராளமாகவே 40 இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 325 இரவு அவை காலி. தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். நீண்ட நாள் தங்குபவருக்குக் கட்டணக் குறைப்பு, வார நாட்களில் பள்ளிக் குழுக்கள், தொலைவிலிருந்தே வேலை செய்பவர்கள் என்று இருக்கிற அறைகளை 90-லிருந்து 130 இரவுக்குக் கொண்டுபோனால் 360 இரவு கூடும். குடில்கள் தருவதோ மொத்தமே 240. செங்கல் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

2019-இல் உலகம் முழுவதும் நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 146 கோடி. 2020-இல் அது சுமார் 40 கோடியாகச் சுருங்கியது. அந்த வருடம் சிறு தங்கும் வீடுகளில் தப்பியவற்றுக்கும் தப்பாதவற்றுக்கும் நான் பார்த்த பெரிய வித்தியாசம் கடன்தான். கடன் இல்லாதவர் கதவைச் சாத்திவிட்டு வயலுக்குப் போனார். கடன் இருந்தவருக்கு வயலையே விற்க வேண்டி வந்தது.

இனி இடம். குளக்கரை யாருடையது? கடிதத்தில் 'ஊர்ப் பொது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அங்கே குடில் போடுவது ஆக்கிரமிப்பு. 'எல்லோருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை' என்பது உரிமை ஆகாது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை நிரவி வீடு கட்டியவர்கள் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011-ல் இதைத் தெளிவாகவே சொன்னது: நெடுங்காலம் அனுபவித்ததையோ, பெரும் பணம் போட்டுக் கட்டியதையோ காரணம் காட்டி ஊர்ப் பொது நிலத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியாது. வேறு நாட்டு நீதிமன்றம் வேறு சொற்களில் சொல்லலாம், ஆனால் வங்கிக்காரர் முதலில் கேட்பது பட்டாவாகத்தான் இருக்கும்.

கழிவுநீரையும் யோசியுங்கள். நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து கழிப்பறைக் குழி குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பேரிடர் நிவாரணம் போன்ற மனிதநேயப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றும் அளவு. குளத்தை ஒட்டி ஆறு குடிலுக்கு ஆறு கழிப்பறை என்றால் எங்கே போகும்? பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவை 2018-ல் ஆறு மாதம் அரசே மூடியது, காரணம் கடலில் கலந்த சாக்கடை. அத்தனை பணம் புரளும் தீவுக்கே அந்தக் கதி.

முணுமுணுப்பைக் காதில் வாங்குங்கள்

தண்ணீர் பற்றி ஊரில் எழுந்த பேச்சை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். 'பொறாமை' என்றும் ஒரு சொல் அங்கே இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியாட்கள் வரும் ஊரின் மனநிலை எப்படி மாறும் என்று டாக்ஸி என்ற ஆய்வாளர் 1975-ல் நான்கு படிகளாகச் சொன்னார்: முதலில் மகிழ்ச்சி, பிறகு கண்டுகொள்ளாமை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை. எல்லா ஊரும் இதே வரிசையில் போகும் என்பதில்லை. உங்கள் ஊர் மூன்றாம் படியில் கால் வைத்துவிட்டது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். ஓடையும் குளமும் எல்லோருடையவை. அவற்றைக் காட்டிச் சம்பாதிப்பது மூன்று வீடுகள். கோடையில் உங்கள் ஒன்பது குளியலறைகளில் தண்ணீர் ஓடும்போது கீழ்த்தெருவில் குடம் காத்துக்கிடக்கிறது. இதற்குப் பெயர் பொறாமை இல்லை, கணக்கு.

பொதுச் சொத்தை மக்கள் தாங்களே விதி வைத்துப் பல தலைமுறை காப்பாற்றியதைப் பல நாடுகளில் ஆராய்ந்து 1990-ல் புத்தகமாக எழுதியவர் எலினர் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். நிலைத்து நின்ற ஊர்களில் அவர் கண்டவற்றில் உங்களுக்கு வேண்டியவை சில: யாருக்கு எவ்வளவு உரிமை என்ற எல்லை, பயன்படுத்துபவர்களே கூடி வைக்கும் விதி, மீறினால் முதலில் சிறிதாகவும் பிறகு பெரிதாகவும் தண்டனை. ஊரைக் கூட்டிப் பேசுங்கள். ஓடைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தொகை ஊர்ப் பொதுக் கணக்குக்கு, கோடையில் குளியல் தண்ணீருக்கு வரம்பு, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற எண்ணிக்கை. வழிகாட்டியாக வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூலி.

நேபாளத்தின் சிருபாரி கிராமத்தில் 1997-ல் ஹோம்ஸ்டே தொடங்கியபோது, வருபவர் எந்த வீட்டில் தங்குவது என்பதை ஊர்க் குழுவே முறைவைத்து ஒதுக்கியது. நல்ல வீடு, பேச்சுத் திறமை உள்ளவர் மட்டும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வழியில்லை. அந்த முறையை அப்படியே முழுதாகப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மற்ற வீடுகளுக்கும் ஒரு வாசல் திறந்திருந்தால் போதும். மூத்தவர் விரும்பும் ஆறு கூடுதல் அறைகள் அந்த வீடுகளிலேயே கிடைக்கக்கூடும், கடனே இல்லாமல்.

உங்கள் தாளில் என்ன எழுதுவது

நான்கைந்து பக்கம் போதும். யார் எதைக் கொடுத்தார்கள், வீடு யார் பெயரில் தொடர்கிறது, பங்கு எவ்வளவு, யார் சம்மதம் இல்லாமல் கடன் வாங்கக் கூடாது, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ கணக்கு எப்படித் தீரும் என்பவை. பக்கத்து வீட்டுக்காரரையும் உட்காரவையுங்கள். உறவுக்குள் எழுத்து எதற்கு என்று முதலில் சொல்பவர் அவராக இருக்க மாட்டார், உங்கள் வீட்டு ஆளாகத்தான் இருக்கும்.

புக்கிங் கணக்கு அண்ணன் மகன் பெயரில் இருப்பதில் அவர் மேல் எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. ஆனால் ஆறு வருடப் பாராட்டுரைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் புதியவர்கள் வருகிறார்கள். பல தளங்களில் கணக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அவர் வேலை மாறி வெளிநாடு போனால், அல்லது நாளை திருமணமாகி வீட்டில் ஒரு மனத்தாங்கல் வந்தால், உங்கள் தொழிலின் பெயரே போய்விடும். தவிர, பணம் எல்லாம் அவர் கணக்கில் வருவதால் வரித்துறைக்கு அது அவருடைய வருமானமாகத் தெரியும், அந்தச் சுமை பாவம் அவர் தலையில். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி மின்னஞ்சல், வந்துபோனவர்களின் சொந்தத் தொடர்புப் பட்டியல். இந்த மாதமே செய்துவிடலாம்.

கடைசியாக, யாரும் கணக்கில் எழுதாத ஒன்று. விரிப்பு துவைப்பது, சமைப்பது, கழிப்பறை கழுவுவது, இரவு பதினொரு மணிக்கு வந்து சேருபவருக்குக் கதவு திறப்பது எல்லாம் யார்? கடிதத்தைப் படித்தால் நீங்களும் உங்கள் ஓரகத்தியும்தான். அந்த உழைப்புக்குச் சம்பளம் போட்டுக் கழித்துப் பாருங்கள். மாதக் கடைசியில் பிரிக்கும் 'லாபத்தில்' எவ்வளவு மிஞ்சும்? பல கிராமத்துத் தங்கும் வீடுகள் லாபத்தில் ஓடுவதாகத் தெரிவதே இந்தக் கூலி கொடுக்காத கூலியால்தான். 'மகள் காலம் வரை நிற்குமா' என்றீர்கள். மகள் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தும் கணக்கு நேராக வந்தால் நிற்கும். வராவிட்டால், இப்போது நிற்பது வீடு இல்லை, நீங்கள்தான்.

கால் முறிந்தவர் விஷயத்தில் ஒன்று பாக்கி. கொடுத்த பணத்துக்கு எழுத்து வாங்கினீர்களா? வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், அது முடியும் வரை கதவு திறந்தே இருக்கும். முழுத் தீர்வாக இத்தனை தொகை பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வழக்கறிஞர் மூலம் எழுதி வாங்குங்கள். நல்லபடியாகப் பிரிந்தீர்கள் என்றால் இப்போதே கேட்பது எளிது.

அப்புறம், வரும் சீசனில் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள். புக்கிங்கை மூட வேண்டாம், அப்படியே ஓடட்டும். நீங்கள் இல்லாமல் அந்த வாரம் என்னென்ன நின்றுபோனது என்று ஓரகத்தியை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பங்கைப் பேச உட்காரும்போது அந்த நோட்டும் மேசையில் இருக்கட்டும்.